வால்யூம் பட்டனில் ஒளிந்திருந்த ஷட்டர்

முகூர்த்த நாளில் வேலூரில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் மேடையைச் சுற்றி ஒரு கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும். கொஞ்சம் கவனித்தால் தெரியும், அதில் பலர் திரையைத் தொடுவதே இல்லை. போனின் ஓரத்தில் இருக்கும் வால்யூம் பட்டனை அழுத்தித்தான் படம் எடுக்கிறார்கள். இன்னொரு கையில் குழந்தையோ தாம்பூலப் பையோ இருக்கும்போது அதுதான் வசதி; படமும் ஆடாமல் வரும். இவ்வளவு சாதாரணமான ஒரு வசதிக்காகத்தான் 2010-இல் ஒரு கேமரா ஆப் நான்கு மாதம் ஆப் ஸ்டோரை விட்டு வெளியே நின்றது.

அந்த ஆப்பின் பெயர் கேமரா பிளஸ். எழுதியவர்கள் டேப் டேப் டேப் என்ற குழு. வால்யூம் பட்டனை ஷட்டராக மாற்றும் வசதியைச் சேர்த்து ஆப்பிளுக்கு அனுப்பினார்கள். பட்டனை வழக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால் மக்கள் குழம்புவார்கள் என்று சொல்லி ஆப்பிள் திருப்பி அனுப்பியது. குழு என்ன செய்தது என்றால், செட்டிங்ஸ் பக்கத்திலிருந்து அந்தத் தேர்வை எடுத்துவிட்டு, அதற்கான புரோகிராம் கோடை மட்டும் உள்ளேயே விட்டுவைத்தது. ஐபோனின் சஃபாரி பிரவுசரில் ஒரு குறிப்பிட்ட முகவரியை அடித்தால் ஆப் திறந்து அந்த வசதி உயிர்பெறும். ஸ்டோரில் ஏற்றும் முன் ஆப்பிளுக்காக ரிவ்யூ செய்தவர் கண்ணில் படவில்லை, ஆப் ஸ்டோரில் ஏறிவிட்டது. ட்விட்டரில் விஷயம் கசிந்ததும் ஆகஸ்டில் ஆப்பைத் தூக்கிவிட்டார்கள். அந்த வசதி இல்லாமல் டிசம்பரில்தான் திரும்பி வந்தது. 2011 அக்டோபரில் ஐஓஎஸ் 5 வெளியானபோது ஆப்பிளின் சொந்தக் கேமராவில் வால்யூம் பட்டன் ஷட்டராக வேலை செய்தது!

இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிடுகிறார்கள். பட்டனைத் தொடாதே என்பது ஒரு விதி. எதையும் ஒளித்து வைக்காதே என்பது இன்னொரு விதி. இன்றைய ஆப் ஸ்டோர் விதிமுறையில் முதலாவது 2.5.9, இரண்டாவது 2.3.1. வால்யூம், ரிங், சைலன்ட் போன்ற பட்டன்களின் வழக்கமான வேலையை மாற்றும் ஆப்கள் நிராகரிக்கப்படும் என்கிறது 2.5.9. ஒளிந்திருக்கும், தூங்கிக்கொண்டிருக்கும், எங்கும் குறிப்பிடப்படாத வசதி எதுவும் ஆப்பில் இருக்கக் கூடாது என்கிறது 2.3.1. கேமரா விஷயத்தில் முதல் விதி தவறாகப் பயன்பட்டது என்பதை ஆப்பிளே பின்னால் ஒப்புக்கொண்ட மாதிரிதான். இரண்டாவது விதி அன்றும் சரி, இன்றும் சரி.

ஏன் சரி என்பதற்கு அதே 2010 ஜூலையில் நடந்த இன்னொரு சம்பவம் போதும். ஹேண்டி லைட் என்று ஒரு டார்ச் ஆப், விலை 99 சென்ட். பார்க்க வெறும் வண்ண விளக்கு. குறிப்பிட்ட வரிசையில் தட்டினால் போனின் இன்டர்நெட்டை கம்ப்யூட்டருக்குப் பகிரும் வேலையைச் செய்தது. வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் டார்ச்சுக்குள் நெட்வொர்க் வேலையை ஒளிக்க முடியும் என்றால் போட்டோ எடிட்டருக்குள் எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம். கேமரா ஆப்புக்கு நாம் கொடுப்பது கேமரா, மைக், கேலரி, பல நேரம் லொகேஷனும். இவ்வளவு சாவியை மொத்தமாக ஒருவர் கையில் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை.

கூகுளும் இதே வரியைத்தான் எழுதி வைத்திருக்கிறது. ப்ளே ஸ்டோர் கொள்கையிலும் ஒளிந்த, தூங்கும், குறிப்பிடப்படாத வசதிகள் கூடாது. ரிவ்யூவை ஏய்க்கும் உத்திகள் கூடாது. அதோடு ஒரு கூடுதல் கட்டுப்பாடு: இயங்கும் புரோகிராம் கோடை ப்ளே ஸ்டோர் அல்லாத இடத்திலிருந்து இறக்கி ஆப் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளக் கூடாது. சர்வரிலிருந்து ஒரு சுவிட்சைத் தட்டி வசதியைத் திறப்பது மட்டும் தடை இல்லை, அது எல்லோரும் செய்வதுதான். ரிவ்யூ முடியும் வரை மூடி வைத்துவிட்டுப் பிறகு திறப்பதுதான் குற்றம். 2020 ஆகஸ்டில் ஃபோர்ட்நைட் விளையாட்டில் நேரடிப் பணம் செலுத்தும் வழி அப்படித்தான் ஒரு நாள் திடீரென்று தோன்றியது. அன்றைக்கே ஆப்பிளும் கூகுளும் அதை ஸ்டோரிலிருந்து எடுத்தன.

பட்டன் கதைக்குத் திரும்புவோம். ஐஓஎஸ் 5-க்குப் பிறகு ஆப்பிளின் கேமராவுக்கு வால்யூம் ஷட்டர் கிடைத்தது, மற்ற ஆப்களுக்கு அதற்கென்று முறையான வழி கொடுக்கப்படவில்லை. டெவலப்பர்கள் ஒரு சந்து வழியைப் பிடித்தார்கள். ஆடியோ செஷன் (ஆப்பின் ஒலியைக் கையாளும் சிஸ்டம் பகுதி) காட்டும் அவுட்புட் வால்யூம் மாறுகிறதா என்று காத்திருப்பது. மாறினால் படம் எடுப்பது. திரையில் வால்யூம் பட்டை தெரியாமல் இருக்க ஆப்பிளின் வால்யூம் வியூவைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓர் ஓரத்தில் ஒட்டிவைப்பது. வேலை செய்யும், ஆனால் மூன்று இடத்தில் மாட்டும். ஒலி ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால் மேல் பட்டனை அழுத்தினாலும் அளவு மாறாது, அதனால் படமும் விழாது. அதற்காக ஒலியைப் பாதிக்கு இழுத்து வைத்தால், பின்னணியில் ஓடும் பாட்டு தானாகக் குறைந்து போகும். ஆடியோ செஷனைத் தப்பான வகையில் தொடங்கினால் பாட்டே நின்றுவிடும். இன்னும் சிலர் ஆப்பிள் வெளியிடாத ஒரு சிஸ்டம் அறிவிப்பை நம்பியிருந்தார்கள். ஐஓஎஸ் 15-இல் அது வருவது நின்றதும் பல ஆப்களில் ஷட்டர் ஒரே இரவில் செத்துப்போனது. தனிப்பட்ட ஏபிஐ-யை, அதாவது ஆப்பிள் வெளியிடாமல் தனக்கென்று வைத்திருக்கும் சிஸ்டம் வழியை, தொடாதே என்று விதி 2.5.1 சொல்வதன் நடைமுறைக் காரணம் இதுதான். ரிவ்யூவர் விட்டாலும் அடுத்த அப்டேட் விடாது.

முறையான வழி 2023 டிசம்பரில் ஐஓஎஸ் 17.2-உடன் வந்தது. ஏவி கேப்சர் ஈவன்ட் இன்டராக்ஷன் என்று பெயர், ஆப்பிள் டெவலப்பர்களுக்குத் தரும் ஏவிகிட் என்ற தொகுப்புக்குள் இருக்கிறது. காட்பாடிப் பக்கம் கல்லூரி புராஜெக்டாக கேமரா ஆப் எழுதும் பிள்ளைகள் இன்னமும் பழைய சந்து வழியையே இணையத்தில் பார்த்து நகலெடுக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்டராக்ஷனை உருவாக்கும்போது ஒரே கையாளியை (பட்டனை அழுத்தினால் ஓட வேண்டிய கோட்) கொடுத்தால் இரண்டு பட்டனுக்கும் அதுவே பொதுவாகிவிடும். முதன்மை, இரண்டாம் நிலை என்று இரண்டு கொடுத்தால் வால்யூம் கீழ் பட்டன் முதன்மைக்கும் மேல் பட்டன் இரண்டாவதற்கும் போகும். ஐபோன் 16-இல் வந்த கேமரா கன்ட்ரோல் பட்டனும் அதற்கு முன்பே வந்துவிட்ட ஆக்‌ஷன் பட்டனும் முதன்மையோடு சேரும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் தொடக்கம், முடிவு, ரத்து என்று நிலைகள் வரும். படத்தை முடிவு நிலையில் எடுக்க வேண்டும். நிலையைப் பார்க்காமல் எழுதினால் ஒரு அழுத்தலுக்கு இரண்டு படம் விழும். பிறகு அதை கேமரா முன்காட்சி இருக்கும் வியூவில் சேர்த்தால் முடிந்தது. கேமரா உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்த நிகழ்வுகள் ஆப்புக்கு வரும். இசை ஆப்போ விளையாட்டோ இதை எடுத்துப் பட்டனைக் கடத்த முடியாது. 2010-இல் சொன்ன குழப்பம் என்ற காரணத்துக்குச் சரியான விடை இந்தக் கட்டுப்பாடுதான், தடை அல்ல.

கம்ப்யூட்டரில் ஐபோன் மாதிரி நடிக்கும் சிமுலேட்டரில் கேமரா கிடையாது, ஆகவே கையில் நிஜ ஐபோன் இல்லாமல் இதைச் சோதிக்க முடியாது. அடுத்த தவறு, எடுத்த படத்தைப் பார்க்கும் பக்கத்திலும் இன்டராக்ஷனை உயிரோடு விட்டுவிடுவது. எடுத்த வீடியோவை ஓடவிட்டு ஒலியைக் கூட்டப் பார்ப்பவருக்குப் பட்டன் வேலை செய்யாது. ஆப்பே உடைந்திருக்கிறது என்றுதான் அவர் நினைப்பார். அந்தப் பக்கத்துக்குப் போகும்போது அதை முடக்கிவிட வேண்டும். 17.2-க்கு முந்தைய போன்களுக்கு? திரையிலுள்ள ஷட்டர் போதும். பழைய சந்து வழியையும் கூடவே வைத்தால் ரிவ்யூவில் சிக்கப்போவது அதுதான்.

ஆண்ட்ராய்டில் இந்த நாடகமே நடக்கவில்லை. முன்னால் திறந்திருக்கும் எந்த ஆப்பும் வால்யூம் பட்டன் நிகழ்வைப் பிடித்துக்கொள்ளலாம்: மேல் பட்டனுக்கு எண் 24, கீழ் பட்டனுக்கு 25, தனி கேமரா பட்டன் இருந்தால் 27. சறுக்கும் இடங்கள் மட்டும் சில உண்டு. பட்டனை அழுத்திப் பிடித்தால் அதே நிகழ்வு திரும்பத் திரும்ப வரும். திரும்பும் எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்க்காமல் விட்டால் படம் சரம் சரமாக விழும். அழுத்துவதைப் பிடித்துவிட்டு விடுவதைப் பிடிக்காமல் போனால் சில போன்களில் பீப் ஒலி கேட்கும், வீடியோவிலும் பதிவாகும். ரிங் லைட்டோடு கொடுக்கும் மலிவான ப்ளூடூத் ரிமோட்டுகளும் வால்யூம் பட்டன் மாதிரிதான் நடிக்கின்றன. அதனால்தான் ஒரே ரிமோட் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஒத்துவருகிறது. சில ரிமோட்டுகள் தங்களைக் கீபோர்டு என்று அறிவித்துக்கொள்வதால் இணைத்தபின் ஐபோனில் திரைக் கீபோர்டு காணாமல் போகும். போன் கெட்டுவிடவில்லை, ரிமோட்டை அணைத்தால் வந்துவிடும்.

கல்யாண வேலைக்குப் பயன்படும் வேறு இரண்டு மூன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். சாம்சங்கில் திரை ஷட்டரைத் தொட்டுவிட்டு விரலை எடுக்கும் கணத்தில்தான் படம் விழும். தாலி முடிச்சு அதற்குள் முடிந்திருக்கும். கேலக்ஸி ஸ்டோரில் கிடைக்கும் கேமரா அசிஸ்டன்ட்டைப் போட்டு குயிக் டேப் ஷட்டரை இயக்கினால் தொட்டவுடனே எடுக்கும், ஆனால் எல்லா மாடலுக்கும் அது கிடைக்காது. ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, யூஸ் வால்யூம் அப் ஃபார் பர்ஸ்ட் என்பதை இயக்கினால் மேல் பட்டனை அழுத்திப் பிடித்தபடி தொடர் படங்கள் எடுக்கலாம். இயக்காவிட்டால் அதே அழுத்தல் வீடியோவாகிவிடும். ஹோமப் புகைக்கும் மேடை விளக்குக்கும் நடுவே முகம் வெளுத்துப் போகாமல் இருக்க, முகத்தின் மேல் விரலை வைத்து ஏஇ/ஏஎஃப் லாக் வரும் வரை பிடித்து, பிறகு சூரியக் குறியைக் கீழே இழுக்க வேண்டும். இவையெல்லாம் ஒளிந்திருப்பவைதான், போன் கம்பெனி ஒளித்தவை. 2.3.1 ஆப்பிளுக்குப் பொருந்தாது போலிருக்கிறது.

போன் கம்பெனிகள் நம்மிடம் ஒளிப்பதை விட மற்ற ஆப்களிடம் ஒளிப்பதுதான் பெரிய விஷயம். பின்னால் மூன்று நான்கு லென்ஸ் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோர் கேமரா ஆப்பைப் போட்டுப் பாருங்கள். பல மாடல்களில் பிரதான லென்ஸ் மட்டும்தான் தெரியும். அல்ட்ரா வைடும் மேக்ரோவும் இருக்கிற இடமே தெரியாது. குவால்காம் சிப் உள்ள பல போன்களில் சிஸ்டத்துக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் உள்ள ஆப்புக்கு மட்டுமே துணை லென்ஸ்கள் காட்டப்படும். சரிபார்ப்பது ஆப்பின் பேக்கேஜ் பெயரை (சிஸ்டம் ஆப்பை அடையாளம் காணும் உள்பெயர்) மட்டுமே. இதைக் கண்டுபிடித்தவர்கள் கூகுள் கேமராவை மாற்றியமைக்கும் ஜிகேம் வகைகளை ஸ்னாப்கேம் என்ற பெயரில் கட்டி வெளியிட்டார்கள், சாம்சங்குக்கு ரூலர், ஸ்கேன்3டி என்ற பெயர்களில். கல்யாண வீட்டு வாசலில் பெயர்ப் பட்டியலோடு நிற்பவரிடம் வேறொருவர் பெயரைச் சொல்லி உள்ளே போவது மாதிரிதான் இது. ஒரே ஜிகேம் ஏன் நான்கு ஏபிகே (ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் கோப்பு) கோப்புகளாகக் கிடைக்கிறது, எதைப் போட்டால் அல்ட்ரா வைடு வரும் என்று மண்டையைக் குடைந்துகொள்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது: ஸ்னாப் என்று பெயருள்ளதை முதலில் முயலுங்கள்.

"அண்ணா, இந்த போனுக்கு ஜிகேம் போட்டுத் தர்றீங்களா?" என்று மொபைல் கடையில் கேட்பது இப்போது சகஜம். போடுவதற்கு முன்னால் கேமரா2 ஏபிஐ, அதாவது ஆப்களுக்குக் கேமராவைத் திறந்துவிடும் ஆண்ட்ராய்டு வழி, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதற்கென்றே இலவச ஆப்கள் இருக்கின்றன. லெகஸி என்று வந்தால் நேரத்தை வீணாக்க வேண்டாம். லிமிடெட் என்றால் ஓரளவு ஓடும். ஃபுல் அல்லது லெவல் 3 வந்தால் நம்பிக்கையோடு போடலாம். போனுக்கேற்ற செட்டிங்ஸ் அடங்கிய கான்ஃபிக் கோப்பை ஜிகேம் ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃபிக்ஸில் வைத்து, ஷட்டருக்குப் பக்கத்தில் உள்ள கறுப்பு இடத்தை இரண்டு முறை தட்டினால் தேர்வுப் பெட்டி திறக்கும். எந்த மெனுவிலும் எழுதாத தட்டல் இது. ப்ளே ஸ்டோரில் இருந்திருந்தால் கொள்கையை மீறியதாகும். படம் பச்சையாகவோ ஊதாவாகவோ அடித்தால் வேறு சென்சாருக்கு எழுதிய கான்ஃபிக்கைப் போட்டிருக்கிறீர்கள். எடுத்தபின் பிராசஸிங் முடியாமல் ஆப் மூடிக்கொண்டால் ஒரு படத்துக்காக அடுக்கும் எச்டிஆர் ஃப்ரேம்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள், ரேம் குறைவான போன்களில் அதுதான் காரணமாக இருக்கும்.

ஜிகேமுக்குத் தேவைப்படும் அனுமதி கேமரா, மைக், ஸ்டோரேஜ், விரும்பினால் லொகேஷன். எஸ்எம்எஸ், காண்டாக்ட், ஆக்செஸிபிலிட்டி என்று கேட்டால் அந்த ஏபிகேயை அந்த இடத்திலேயே அழித்துவிட வேண்டும். எஸ்எம்எஸ் படிக்கும் கேமராவுக்கு வேலை ஓடிபி திருடுவதுதான். வாட்ஸாப் குழுவில் பகிர்ந்த ஏபிகேயைக் கடைக்காரர் போடுகிறார் என்றால் தடுத்துவிடுங்கள். டெவலப்பர் யார் என்று சரிபார்க்கப்படாத ஆப்களை ஆண்ட்ராய்டில் நேரடியாகப் போடுவதைக் கட்டுப்படுத்தப் போவதாக கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் விரிக்கும் திட்டம். ஜிகேம் போன்றவற்றை அது நெருக்கும்.

இன்னொரு வரம்பும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல், வேறொரு ஆப் 'ஒரு படம் எடுத்துக் கொடு' என்று கேட்டால் போனோடு வந்த கேமராதான் திறக்கும். ஜிகேமை எவ்வளவு பிரமாதமாக அமைத்திருந்தாலும் கேஒய்சி ஆப்புக்குள் அது வராது. காரணம் லொகேஷன் திருட்டுத்தான்: வேறு கேமரா ஆப் நடுவில் புகுந்து படத்தோடு இடத்தையும் எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க.

ஒளிந்திருப்பதை எழுதியவருக்கே தெரியாமல் போவதும் உண்டு. வேலூரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்கள் ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், இங்கே போன் கேமரா பாதி நேரம் ஸ்கேனர்தான். அந்த வேலைக்கு ஒரு காலத்தில் எல்லோரும் வைத்திருந்தது கேம்ஸ்கேனர், பத்துக் கோடிக்கும் மேல் டவுன்லோடு. 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கை என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தார் அதன் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பிரித்துப் பார்த்தபோது, விளம்பரத்துக்காகச் சேர்த்த ஒரு வெளி லைப்ரரிக்குள் (வேறொருவர் எழுதிய தயார் கோட்) ட்ரோஜன் என்ற மறைந்திருந்து கெடுக்கும் புரோகிராம் இருந்தது தெரிந்தது. ஆப்புக்குள்ளேயே பூட்டி வைத்த ஒரு கோப்பைத் திறந்து, அது சொல்லும் சர்வரிலிருந்து மேலும் புரோகிராம் கோடை இறக்கும் வேலை அதற்கு. கூகுள் ஆப்பை எடுத்தது, லைப்ரரியை நீக்கியபின் அது திரும்பி வந்தது, 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் இருந்தது. இப்போது இதற்குத் தனி ஆப்பே வேண்டாம். ஐபோனில் நோட்ஸ் ஆப்பிலேயே ஸ்கேன் டாக்குமென்ட்ஸ் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவின் ஸ்கேன் பட்டன் நேராக பிடிஎஃப் ஆக்கித் தரும். ரிப்போர்ட்டில் நோயாளியின் பெயரும் எண்ணும் நோயும் ஒரே தாளில் இருக்கும், அதை இலவச ஃபில்டர் ஆப்புக்கு ஏன் காட்ட வேண்டும்?

ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்களுக்கு வேறு ஒளிவு மறைவு. காவலூரில் 93 அங்குல வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் ஆய்வகம், இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பழைய வட ஆற்காடுதான். வானம் இருட்டாக இருப்பதால்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த மலை இரவில் ஐபோன் நைட் மோடு கையில் பிடித்தால் சில வினாடிகளுக்கு மேல் தராது. ட்ரைபாடில் வைத்தால், அல்லது பாறை மேல் அசையாமல் சாய்த்தால், போன் தானாக உணர்ந்து 30 வினாடி வரை திறந்துவிடும். செட்டிங்ஸில் தேடினால் அந்த 30 எங்கும் கிடைக்காது. பிக்ஸல் 4 முதல் வந்த அஸ்ட்ரோ மோடும் அப்படித்தான், அசையாமல் வைத்தால் 4 நிமிடம் வரை எடுக்கும். இந்த நீண்ட நைட் மோடை ஆப்பிள் மற்ற ஆப்களுக்குத் திறந்துவிடவில்லை. அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலான மாடல்களில் ஒரு ஃப்ரேமுக்கு அதிகபட்சம் 1 வினாடி. நட்சத்திரப் படத்துக்கென்று விற்கும் ஆப்கள் அந்த ஒரு வினாடிப் படங்களை அடுக்கித்தான் நீளத்தைக் கொண்டுவருகின்றன, அதனால் படத்தில் புள்ளி புள்ளியான இரைச்சல் கூடுதலாக இருக்கும். காசு கொடுக்கும் முன் போனின் சொந்த கேமராவில் முயன்று பாருங்கள்.

பகலுக்கு வந்தால் வெயில். கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரைதான். கோட்டை மதில் மேல் நின்று 4கே வீடியோ எடுத்தால் முதலில் திரை மங்கும், பிறகு ஃப்ளாஷ் வேலை செய்யாது, கடைசியில் ரெக்கார்டிங் நின்றுவிடும். ஆப் எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், ஏசி அறையில் சோதிப்பதால். ஐஓஎஸ்ஸில் கேமராவின் சிஸ்டம் பிரஷர் ஸ்டேட் என்ற மதிப்பைக் கவனிக்க வேண்டும்: நாமினல், ஃபேர், சீரியஸ், கிரிட்டிக்கல், ஷட்டவுன் என்று ஐந்து படி. சீரியஸ் வந்தவுடன் ஃப்ரேம் ரேட்டை 60-இலிருந்து 30-க்கு இறக்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் பவர் மேனேஜர் தெர்மல் ஸ்டேட்டஸ் தருகிறது. இறக்கினால் திரையில் ஒரு வரி எழுதிச் சொல்லுங்கள். சொல்லாமல் தரத்தைக் குறைத்தால் ஒரு ஸ்டார் ரேட்டிங் நிச்சயம்.

வெயில் இல்லாமலே போன் சொல்லாமல் செய்யும் ஒன்று, லென்ஸ் மாற்றம். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் 3எக்ஸ் தொட்டாலும் பல போன்கள் தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸை விட்டுவிட்டு பிரதான லென்ஸ் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும். சந்தேகம் என்றால் டெலி லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருட்டாகவில்லை என்றால் உங்களுக்குக் கிடைப்பது வெட்டிய படம்.

திருட்டுத்தனமாகப் படம் பிடிக்கும் ஆப்களைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை, தொழில்நுட்பத்தில் என்ன தடுப்பு இருக்கிறது என்பது மட்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் பின்னணியில் சும்மா கிடக்கும் ஆப்புக்குக் கேமரா கிடையாது. 11 முதல், அறிவிப்போடு பின்னணியில் ஓடும் சர்வீஸ் என்றாலும் ஆப் முன்னால் திறந்திருந்தபோது தொடங்கியிருக்க வேண்டும், கேமரா வகை என்று அறிவித்திருக்கவும் வேண்டும். அறிவிப்பை 13 முதல் ஒதுக்கித் தள்ளிவிடலாம். மூலையில் எரியும் பச்சைக் குறியைத் தள்ள முடியாது. அந்தக் குறி ஐஓஎஸ் 14-இலும் ஆண்ட்ராய்டு 12-இலும் வந்தது. ஐபோனில் பச்சை கேமராவுக்கு, ஆரஞ்சு மைக்குக்கு. பதிவு செய்வது பயனருக்குத் தெரியும்படி காட்ட வேண்டும், சம்மதம் பெற வேண்டும் என்கிறது ஆப்பிளின் 2.5.14. பெண்களை அவர்கள் அறியாமல் அந்தரங்க நிலையில் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77-ஆம் பிரிவின் கீழ் முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு யாருடைய அந்தரங்கத்துக்கும் பொருந்தும், 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனி ஆப்பை அனுப்புகிறவர்களுக்கு. ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் ப்ளே கணக்கு என்றால், வெளியிடுவதற்கு முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். முதலில் இது 20 பேராக இருந்தது. ஒருவர் நடுவில் விலகினால் எண்ணிக்கை குறையும் என்பதால் ஹாஸ்டல் நண்பர்களில் பதினைந்து பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிளில் கேமரா அனுமதிக்கான விளக்க வரி இன்ஃபோ கோப்பில் இல்லையென்றால் கேமராவைத் தொட்ட கணமே ஆப் விழும். 'கேமரா தேவை' என்று மட்டும் எழுதினால் ரிஜெக்ட் வரும். 'ரசீதைப் படமெடுத்துத் தொகையைப் பதிய கேமராவைப் பயன்படுத்துகிறோம்' என்கிற அளவுக்கு வேலை தெரிய வேண்டும். லோகோவை ஏழு முறை தட்டினால் திறக்கும், பிழை தேடுவதற்கான டீபக் மெனு, செட்டிங்ஸில் காட்டாத சோதனை ஃபில்டர், சஃபாரி முகவரியால் திறக்கும் பக்கம் எல்லாவற்றையும் ஸ்டோருக்குப் போகும் ரிலீஸ் பில்டிலிருந்து வெட்டிவிட வேண்டும். திரையில் மறைத்தால் போதாது, கம்பைல் ஆகாமலே செய்ய வேண்டும். இருந்தே ஆக வேண்டிய வசதி என்றால் ரிவ்யூ குறிப்பில் எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்தச் சைகை, என்ன நடக்கும், சர்வர் சுவிட்ச் இருந்தால் அது எப்போது யாருக்குத் திறக்கும். 'சில பிழைகள் சரி செய்யப்பட்டன' என்ற ஒற்றை வரியைப் புதிய வசதிக்கு ஏற்க மாட்டோம் என்று ஆப்பிள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. வால்யூம் பட்டன், வெளி ரிமோட் போன்றவற்றுக்கு நிஜ போனில் எடுத்த அரை நிமிட வீடியோவை இணைத்தால் கேள்வி வந்து ஒரு நாள் வீணாவது மிச்சம். ரிஜெக்ட் வந்தால் விதி எண்ணைப் பாருங்கள். 2.5.9 என்றால் பட்டனைக் கையாண்ட விதம், அதை மாற்றி அனுப்பலாம், மேல்முறையீடும் செய்யலாம். 2.3.1 என்றால் வாதாட உட்காராமல் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டு அனுப்புங்கள். திரும்பத் திரும்ப வந்தால் டெவலப்பர் கணக்கே போய்விடும். உங்களுக்கு ஒன்றும் நினைவில் இல்லை என்றால் விளம்பர லைப்ரரியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.